டெக்ஸ்ட் அக்கா

அக்கா வேலைக்கு வந்த முதல் நாளே ஜெனிபர் கேட்டுவிட்டாள். “ஒங்க வீட்டுக்காரர் என்ன பண்றாருக்கா?”

புதிதாக வருகிறவர்களிடம் இதைக் கேட்பதில் எங்களுக்குக் கூச்சமெல்லாம் கிடையாது. எந்த ஊர், எந்தத் தெரு, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், கல்யாணம் ஆகிவிட்டதா, அவர் என்ன வேலை பார்க்கிறார். இவ்வளவும் தெரியாமல் பக்கத்து நாற்காலியில் எப்படி உட்கார்ந்து வேலை பார்ப்பது?

“தெரியலைப்பா,” என்றாள் அக்கா.

கிண்டல் பண்ணுகிறாள் என்று நினைத்து நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். ஜெனிபர் விடவில்லை. “சரி, எங்க இருக்காரு?”

“தெரியலை.”

“ஐயோ அக்கா! ஆளு இருக்காருல்ல?”

“அதுவும் தெரியலைப்பா,” என்று சொல்லிவிட்டு, அக்கா கர்ச்சீப்பை எடுத்துக் கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்தாள். முகத்தில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. அன்னவாசல் பஸ் போயிருச்சா என்று கேட்டால் சொல்கிற குரலில்தான் சொன்னாள். எங்கள் சிரிப்பு பாதியில் நின்றுபோனது. எங்கிட்டுப் பார்ப்பது என்று தெரியாமல் நான் ஜெனிபரைப் பார்த்தேன், அவள் ஃபேனைப் பார்த்தாள்.

அவளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது அந்தக் குழப்பம்தான். பாசமெல்லாம் அதற்கு அப்புறம்தான் வரும். ஆனால் வரும்.

எங்கள் ஆபீஸ் திருக்கோகர்ணத்தில் ஒரு டைல்ஸ் கடையின் மாடியில் இருந்தது. பெங்களூரில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு ஊர் திரும்பிய சார் ஒருவர் ஆரம்பித்தது. வேலை என்னவென்று என் அம்மாவுக்குக் கடைசிவரை புரியவில்லை. “கம்ப்யூட்டர்ல கலர் அடிக்கிறாளாம்” என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருந்தாள். யோசித்துப் பார்த்தால் அம்மா சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஒரு பெரிய கம்பெனி சாப்ட்வேர் விற்கிறது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று புரோகிராம் எழுதுகிறவர்களுக்குச் சொல்லித்தரும் பக்கங்கள் அவர்கள் வெப்சைட்டில் ஏராளம். ஒவ்வொரு பக்கத்திலும் நடுநடுவே ஒரு பெட்டி, பெட்டிக்குள் மாதிரிக்கு நாலு வரி புரோகிராம். இத்தனை வருஷமாக அந்த வரிகள் எல்லாம் வெறும் கறுப்பாகக் கிடந்தன. அதற்குக் கலர் கொடுக்கிற காண்ட்ராக்ட்தான் எங்களுக்கு வந்தது.

கலரை நாங்கள் கையால் அடிப்பதில்லை. பெட்டியின் தலையில், உள்ளே இருப்பது எந்த மொழி என்று ஒரே ஒரு வார்த்தை எழுதவேண்டும். பைத்தான், ஜாவா, ஜேசன், பாஷ் என்று ஏதோ ஒன்று. எழுதிவிட்டால் பக்கம் தானாகவே கலர் போட்டுக்கொள்ளும். முக்கியமான வார்த்தைகள் நீலம், மேற்கோளுக்குள் இருப்பது பச்சை, யாரோ எழுதிவைத்த குறிப்புகள் வெளிறிய சாம்பல். என்ன மொழி என்று தெரியவில்லை என்றால் ‘டெக்ஸ்ட்’ என்று எழுதிவிடலாம். அப்போது கலர் வராது, கறுப்பாகவே இருக்கும்.

நானும் ஜெனிபரும் பார்த்தவுடன் அடித்துத் தள்ளுவோம். இது பைத்தான், அது ஜாவா, அடுத்தது. எனக்கு ஒரு கேள்விக்குப் பதில் தெரியாவிட்டாலும் வாய் சும்மா இருக்காது, கையும் அப்படித்தான். பாதிக்கு மேல் சரியாகவே இருக்கும். தப்பானால் கூத்துதான். ஒருமுறை ஏதோ ஆங்கிலச் செய்தி இருந்த பெட்டிக்கு ஜெனிபர் பைத்தான் என்று போட்டுவிட்டாள். அதில் ‘கான்ட்’ (can't) என்ற வார்த்தையில் வருகிற அந்தச் சின்ன மேல்கொம்பை மேற்கோள் குறி என்று பக்கம் எடுத்துக்கொண்டு, அங்கிருந்து அந்த வரியை முழுக்கப் பச்சையாக்கிவிட்டது. “வயல்ல தண்ணி பாஞ்ச மாதிரி இருக்குடி” என்று சிரித்துவிட்டு மாற்றினாள்.

அக்காவின் பெட்டிகளில் இந்த மாதிரிக் கூத்து எதுவும் நடக்காது. ஏனென்றால் அவள் பெட்டிகளில் முக்கால்வாசி டெக்ஸ்ட்.

எம்.சி.ஏ. படித்தவள், மொழிகள் தெரியாதவள் இல்லை. அதுதான் எரிச்சலே. ஒருநாள் பார்க்கிறேன், வளைவு அடைப்புக்குறி, உள்ளே பெயர், முக்காற்புள்ளி, எண். பால்வாடிப் பிள்ளைகூட ஜேசன் என்று சொல்லிவிடும். அதற்கும் டெக்ஸ்ட் போட்டு வைத்திருக்கிறாள்.

“அக்கா, இது ஜேசன்தானே!”

“அப்படித்தான் தெரியுது. ஆனா கடைசியில ஒரு கமா கூடுதலா நிக்குதே. ஜேசன்ல அது வரக் கூடாதுல்ல?”

“எழுதுனவன் மறந்துபோய் போட்டிருப்பான்.”

“மறந்துபோய் போட்டானா, இல்ல ஜேசன் மாதிரியே இருக்கிற வேற ஒண்ணான்னு எனக்குத் தெரியலையே, புள்ள.”

“அதுக்கு?”

“தெரியலைன்னு போட்டிருக்கேன்,” என்று திரையைக் காட்டினாள். டெக்ஸ்ட் என்ற வார்த்தைக்கு அவள் அகராதியில் அதுதான் அர்த்தம். அன்றைக்குச் சாயங்காலமே ஜெனிபர் அவளுக்கு டெக்ஸ்ட் அக்கா என்று பெயர் வைத்துவிட்டாள். முகத்துக்கு நேராகவே கூப்பிட்டோம், அவளும் திரும்பிப் பார்த்தாள்.

ஆபீஸ் வேலையில் மட்டும் இப்படி என்றால் விட்டுவிடலாம். எதிலுமே இப்படித்தான். மழை வருமாக்கா என்றால், மேலே பார்த்து, “மேகம் இருக்கு” என்பாள். வருமா வராதா என்று வாயைத் திறந்து சொல்லமாட்டாள். ஒருமுறை மத்தியானம் கரன்ட் போய்விட்டது. சார் புழுக்கத்தில் சட்டையை உதறிக்கொண்டே, “எப்பங்க வரும்?” என்று பொதுவாகக் கேட்டார். நான் உடனே “ஒரு மணி நேரத்துல வந்துரும் சார்” என்றேன். எனக்கு எப்படித் தெரியும்? சும்மா சொன்னதுதான். நாலு பேர் இருக்கிற இடத்தில் யாராவது ஒருத்தர் அப்படிச் சொல்லவேண்டும், இல்லையா? அக்கா மட்டும் போனை எடுத்து ஈபி ஆபீசுக்கு அடித்தாள். ரொம்ப நேரம் பேசினாள். வைத்துவிட்டு எங்களைப் பார்த்து, ஏதோ நல்ல சேதி கிடைத்தவள் மாதிரி, “அவங்களுக்கும் தெரியலையாம்!” என்றாள். சார் தலையில் அடித்துக்கொண்டார்.

அவள் கதையை அவளே ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள். ஜெனிபர் அன்றைக்கு லீவு. சுற்றி வளைக்கவில்லை, தயிர்ச்சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

புருஷன் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனவர். கொஞ்ச மாசம் போன் வந்துகொண்டிருந்தது. அப்புறம் குறைந்தது. அப்புறம் நம்பர் உபயோகத்தில் இல்லை என்று சொல்ல ஆரம்பித்தது. கூடப் போனவர்கள் யாருக்கும் சேதி தெரியவில்லை. கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று ஒருத்தர், போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது என்று ஒருத்தர். கட்டுமாவடிக்காரர் ஒருவர், அங்கே மீன் மார்க்கெட்டில் அவரை மாதிரியே ஒரு ஆளைப் பார்த்தேன், கூப்பிடுவதற்குள் போய்விட்டார் என்றார். அக்காவின் மாமியார், “எம்புள்ள உசுரோட இருக்கான்” என்று கோயில் கோயிலாக ஏறிக்கொண்டிருந்தாள். அக்காவின் அண்ணன், “போய்ச் சேந்துருப்பாரு, மனசத் தேத்திக்க” என்றார். அண்ணி மட்டும் குரலைத் தாழ்த்தி, “அங்கனயே ஒருத்தியோட இருப்பாரு” என்பாராம்.

“நீங்க என்ன நெனைக்கிறீங்கக்கா?”

“நான் எதையும் நெனைக்கலை. எனக்குத் தெரியலை.”

“அதெப்படி? மனசுக்குள்ள ஒண்ணு தோணுமுல்ல?”

“தோணும். காலையில ஒண்ணு தோணும், சாயங்காலம் வேற தோணும். தோணுறதை வச்சு ஒரு மனுசனைச் சாக அடிக்க முடியுமா? இல்ல, தோணுறதை வச்சு இன்னொருத்தியோட கட்டிவைக்க முடியுமா?”

அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். அண்ணன் மோசமானவர் இல்லை. அறந்தாங்கியில் உரக்கடை வைத்திருக்கும் ஒருவர், மனைவி இறந்துபோனவர், இவளைக் கட்டிக்கொள்ளத் தயாராக இருந்தார். அண்ணனுக்கு அதில் முழுச் சம்மதம். அக்கா, புருஷனைப் பற்றி நிச்சயமாகத் தெரிகிறவரைக்கும் அந்தப் பேச்சே வேண்டாம் என்றாள். கடைசியில் அண்ணனும் அவளும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். அவள் வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிறவரைக்கும் அண்ணன் எதுவும் கேட்கமாட்டார். வேலை போய்விட்டால் அண்ணன் சொல்கிறபடி கேட்கவேண்டும்.

“அதான் புள்ள, இந்த வேலையை விட்டா எனக்கு வேற வழியில்ல. நாளைக்கே அவரு செத்துட்டாருன்னு நான் ஒத்துக்கணும்,” என்றாள். மோர் மிளகாயைக் கடித்துக்கொண்டே அதைச் சொன்னாள். நான் டிபன் பாக்ஸை மூடிவைத்துவிட்டேன்.

இதெல்லாம் தெரிந்தபிறகாவது நான் புத்தியோடு இருந்திருக்கலாம். என் அண்ணிக்கு எங்கள் வீட்டில் வளைகாப்பு வந்தது, ஆபீசில் எல்லாரையும் கூப்பிட்டேன். அக்காவும் வந்தாள், அன்னவாசலுக்கு பஸ் பிடித்து, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு. சந்தனமும் குங்குமமும் வளையலும் வைத்த தட்டோடு அம்மா ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அக்காவின் முறைக்கு இன்னும் இரண்டு பேர் இருக்கும்போது, அவள் கதையை என்னிடம் கேட்டிருந்த அம்மா என்னை அடுக்களைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“ஏண்டி, இந்தப் புள்ளையக் கூப்புடலாமா, கூடாதா?”

“கூப்புடுங்கம்மா. நெத்தியில பொட்டு இருக்குல்ல?”

“பொட்டு இப்ப யாருதான் வைக்கல?” என்றாள் அங்கே நின்ற அத்தை. “தலையில பூவக் காணோமே.”

பூ வைத்தால் அக்காவுக்குத் தும்மல் வரும். அது எனக்குத் தெரியும். ஆனால் அத்தையிடம் அதைச் சொன்னால் நம்புவாளா? கழுத்தில் தாலி இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அத்தை கிளம்பினாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். திரும்பிப் பார்த்தால் அடுக்களை வாசலில் அக்கா நிற்கிறாள். எனக்கு உசுரே போய்விட்டது.

“அம்மா, எனக்காக நீங்க ஏன் இம்புட்டுச் சங்கடப்படுறீங்க? இந்தத் தடவை என்னைய விட்டுருங்க,” என்றாள். “எனக்கே என்னன்னு தெரியாம நான் அந்தப் புள்ளைக்கு வளையல் போடுறது சரியில்ல. தெரிஞ்சதும் வந்து போடுறேன்.”

“அதுக்குள்ள பிரசவம் ஆயிருமேத்தா!” என்றாள் அம்மா, என்ன சொல்வது என்று தெரியாமல்.

“அப்ப, பொறக்குற புள்ளைக்குப் போட்டுட்டாப் போச்சு.”

அத்தை சிரித்துவிட்டாள். அம்மா சிரிக்கவில்லை. ஒரு டஜன் கண்ணாடி வளையலை எடுத்து, “அதெல்லாம் ஒண்ணும் இல்ல, நீ ஒன் கையில போட்டுக்க” என்று கொடுத்தாள். அக்கா வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டு, கூடத்துக்குப் போய்க் கல்கண்டு சாதத்தை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். நான்தான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. எல்லார் மேலும் கோபமாக வந்தது. அத்தை மேல், அம்மா மேல், மஸ்கட்காரர் மேல். எல்லாவற்றையும் விட அக்கா மேல். ஒரு வார்த்தை, இருக்கிறார் என்றோ இல்லை என்றோ ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எவ்வளவு பேருக்கு நிம்மதி! இந்தப் பிடிவாதம் யாருக்காக என்று புரியவே இல்லை.

அடுத்து வந்ததுதான் பெரிய சோதனை. காண்ட்ராக்ட் கொடுத்த கம்பெனியிலிருந்து சாருக்கு மெயில் வந்தது. நிறையப் பெட்டிகள் இன்னும் கறுப்பாகவே இருக்கின்றன, இனி ஒரு பெட்டிகூடக் கலர் இல்லாமல் இருக்கக் கூடாது என்று. சார் மெயிலைச் சத்தமாக வாசித்துக் காட்டிவிட்டு அக்காவைப் பார்த்தார்.

“இங்க பாருங்க. கல்யாண வீட்டுல சீரியல் செட் போடச் சொன்னா, பாதி பல்பை நீங்க கழட்டி வச்சுட்டீங்க. இனிமே டெக்ஸ்ட்டுங்கிற பேச்சே இருக்கக் கூடாது. எதையாவது போடுங்க. முடியலைன்னா சொல்லிருங்க, நான் வேற ஆள் பாத்துக்கிறேன்.”

 வேலை போனால் என்ன நடக்கும் என்று அந்த அறையில் அவளுக்கும் எனக்கும்தான் தெரியும். அன்றிலிருந்து டெக்ஸ்ட் போட்ட பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து மாற்ற ஆரம்பித்தாள். ஒவ்வொரு பெட்டியின் முன்னாலும் வெகுநேரம் உட்கார்ந்திருப்பாள். சார் பொறுமை இழந்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

“இதுல டாலர் குறி இருக்குல்ல? பாஷ். போடுங்க.”

“இதுல மொத வரிக்கு மட்டும் ஹேஷ் குறி நிக்குதே சார், அது ஏன்?”

“ஏதாச்சும் குறிப்பு எழுதியிருப்பாங்கங்க. பாஷ்தான். போடுங்க.”

அக்கா போட்டாள். நான் என் சீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாடா, ஒருவழியாக வழிக்கு வந்தாள் என்று நிம்மதியாக இருந்தது. ஏனோ கொஞ்சம் கஷ்டமாகவும் இருந்தது.

அந்தப் பெட்டிதான் எல்லாருக்கும் வினையாகிவிட்டது. ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும் தகவலையெல்லாம் இன்னொன்றுக்கு மாற்றுவது எப்படி என்று சொல்கிற பக்கம் அது. முதல் வரி, மாற்றுவதற்கு முன்னால் இருப்பதை ஒரு நகல் எடுத்துவைக்கச் சொல்லும் கட்டளை. அதை அட்மின்தான் அடிக்கவேண்டும் என்பதைக் காட்டத்தான் எழுதியவர் முன்னால் ஹேஷ் (#) குறி போட்டிருந்தார். அட்மினாக உள்ளே போனால் திரையில் அந்தக் குறிதான் நிற்கும். ஆனால் பாஷ் என்று பெயர் கொடுத்துவிட்டால், ஹேஷில் ஆரம்பிக்கிற வரி வெறும் குறிப்பு என்று கணக்கு. அந்த வரி மட்டும் வெளிறிய சாம்பலாகிவிட்டது, மற்ற வரிகள் பளபளவென்று கலரில் நின்றன. எங்கோ ஒரு ஊரில் யாரோ ஒருவர், சாம்பல் வரியை விட்டுவிட்டுக் கலர் வரிகளை மட்டும் தன் கம்ப்யூட்டரில் அடித்திருக்கிறார். நகல் இல்லை. தகவல் எல்லாம் போய்விட்டது.

கம்பெனியிலிருந்து தமிழ் பேசுகிற ஒரு அம்மா வீடியோவில் வந்தார். பேச்சில் பொரிந்து தள்ளினார். இந்தப் பெட்டிக்கு பாஷ் என்று போட்டது யார் என்று கேட்டார். சார் மைக்கை அமுக்கிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். “மெஷின் தானாப் போட்டுருச்சுன்னு சொல்லிருவோம். யாரும் வாயத் தொறக்காதீங்க.”

“ஆமாக்கா, சும்மா இருங்க,” என்றேன் நான். “காண்ட்ராக்ட் போச்சுன்னா அம்புட்டுத்தான். அறந்தாங்கிதான் ஒங்களுக்கு.”

அக்கா கையை நீட்டி மைக்கை மறுபடி திறந்தாள். “நான்தாங்க போட்டேன்,” என்றாள். “என்னன்னு தெரியாம போட்டேன்.”

“தெரியாதுன்னா எதுக்குப் போட்டீங்க?”

“எதையாவது போட்டே ஆகணும்னு சொன்னாங்க.”

“யார் சொன்னது?”

“நீங்கதாங்க. மெயில்ல.”

சார் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். ஜெனிபர் என் தொடையைக் கிள்ளினாள். அந்த அம்மா தன் பக்கத்தில் அந்த மெயிலைத் திறந்து படித்துப் பார்த்தார். 

“அப்ப இதுக்கு என்னன்னுதான் போட்டிருக்கணும்?” என்று கேட்டார் கடைசியில். இப்போது குரல் இறங்கியிருந்தது.

“தெரியலைங்க. ஒங்களைக் கேட்டிருக்கணும். கேக்காதது என் தப்பு.”

“சரி. இனிமே தெரியாததைக் கேளுங்க. யாரும் எதையும் ஊகிச்சுப் போட வேண்டாம்,” என்றார் அந்த அம்மா. காண்ட்ராக்ட் தப்பித்தது. அக்காவின் வேலையும் தப்பித்தது.

தப்பித்தது என்று நாங்கள்தான் சந்தோஷப்பட்டோம், அந்தக் கம்பெனிக்காரர்கள் மாட்டிக்கொண்டார்கள். அக்கா கேட்க ஆரம்பித்தாள். கேள்வி மேல் கேள்வி. இந்தக் கமா வேண்டுமென்றே போட்டதா, கை தவறியா? இந்தப் பெட்டியில் ‘ஹலோ’ என்று ஒரே வார்த்தை இருக்கிறது, இது கட்டளையா, மெஷின் சொல்லும் பதிலா, அல்லது எழுதியவர் சும்மா வணக்கம் சொல்கிறாரா? பதில் சொல்கிற இன்ஜினியர் பாவம், ஒருநாள் “எனக்கே தெரியவில்லை, எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார்” என்று எழுதியிருந்தார். அதைப் படித்த அன்றைக்கு அக்கா முகத்தைப் பார்க்கவேண்டுமே! திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். வருஷக்கணக்கில் தனியாக இருந்த வீட்டுக்கு விருந்தாளி வந்த மாதிரி இருந்தது அந்தச் சிரிப்பு.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு மத்தியானம் அவர் வந்தார்.

நான் டீ வாங்கக் கீழே இறங்கிக்கொண்டிருந்தேன். படிக்கட்டில் ஒருவர் ஏறி வந்தார். தேய்த்த சட்டை, கையில் நல்ல வாட்ச், லேசாகத் தொப்பை. அக்காவின் பெயரைச் சொல்லி, இங்கதான் வேலை பார்க்கிறாங்களா என்று கேட்டார்.

“நீங்க யாருங்க?”

“அவ வீட்டுக்காரரு,” என்றார். “மச்சான் வீட்டுக்குப் போனேன். அவ இங்கதான்னு சொன்னாங்க.”

 ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். சொன்னேனா, உளறினேனா என்று தெரியவில்லை. அவள் எழுந்து வந்து படிக்கட்டுத் தலைப்பில் நின்றாள். அவர் இரண்டு படி கீழே நின்றார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அழுவாள், கட்டிப்பிடிப்பாள், மயக்கம் போடுவாள், ஒரு அறை விடுவாள் என்று நான் என்னென்னவோ எதிர்பார்த்தேன். எங்கள் பின்னால் ஜெனிபர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டிருந்தாள்.

“ஒடம்பு சரியில்லாமக் கெடந்தீங்களா?” என்று கேட்டாள் அக்கா.

“இல்ல. நல்லாத்தான் இருந்தேன்.”

“போலீஸ் புடிச்சு வச்சிருந்துச்சா?”

“இல்லம்மா.”

“அங்க வேற யாரோடயும் இருந்தீங்களா?”

“சத்தியமா இல்ல.”

“போன் இருந்துச்சா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “இருந்துச்சு. மொத வேலை போயிருச்சு, வேற எடம் மாறுனேன். ஒண்ணுமில்லாமப் போயி ஒங்கிட்ட என்னத்தப் பேசுறதுன்னு அசிங்கமா இருந்துச்சு. கொஞ்சம் தலை நிமுந்துட்டுப் பேசலாம்னு நெனச்சேன். அப்புறம் நாளாக நாளாக, இம்புட்டு நாள் பேசாம இப்ப எப்படிப் பேசுறதுன்னு… விட்டுப்போச்சு.”

“என் நம்பர் ஞாபகம் இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“இங்க எல்லாரும் என்னைய என்னன்னு கேட்டாங்க, நான் என்ன பதில் சொன்னேன்னு ஒங்களுக்கு எப்பவாச்சும் தோணுச்சா?”

அவர் கை வாட்சைத் திருகிக்கொண்டிருந்தார். அக்கா அவசரப்படுத்தவும் இல்லை. கம்பெனிக்காரர்களின் பதிலுக்குக் காத்திருப்பாளே, அதே பொறுமையோடு நின்றாள். கீழே கடையில் டைல்ஸ் அறுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“தோணலை,” என்றார் அவர்.

“சரி. எனக்குத் தெரியவேண்டியது தெரிஞ்சுபோச்சு,” என்றாள் அக்கா. “ஒங்கம்மாகிட்ட மொதல்ல போங்க. பாவம், ஒங்களுக்காகக் கோயில் கோயிலா ஏறிக்கிட்டு இருக்காங்க. இங்க வராதீங்க.”

“என்னம்மா இது? வந்துட்டேன்ல?”

“போங்க,” என்றாள். சத்தம்கூடப் போடவில்லை.

அவர் கொஞ்ச நேரம் நின்றார். என்னைப் பார்த்தார், ஏதோ நான் சமாதானம் சொல்லித் தீர்த்துவைப்பேன் என்பதுபோல. நான் ஒதுங்கி வழிவிட்டேன். அப்புறம் இறங்கிப் போய்விட்டார்.

அக்கா தன் சீட்டில் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அழுகை வந்தது, அதுவும் குலுங்கிக் குலுங்கி. சார் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். எதற்காக அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. போகச் சொன்னது அவள்தானே? வேண்டும் என்றால் கூப்பிடவா, இன்னும் தெருமுனை தாண்டியிருக்கமாட்டார் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

“உசுரோட இருக்காருடி,” என்றாள் விசும்பலுக்கு நடுவே. “ஒடம்பு பூசுன மாதிரிகூட இருக்காரு, பாத்தியா?” அதைச் சொல்லும்போது சிரித்தாள். சத்தியமாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மறுபடி அழுதாள். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, எதற்கென்று எனக்கே தெரியாது.

சாயங்காலம் அண்ணன் பைக்கில் வந்து வாசலில் நின்றார். சேதி ஊருக்குள் பரவியிருந்தது. டைல்ஸ் கடைக்காரர், பக்கத்து மெடிக்கல்காரர், டீக்கடையில் நின்றவர்கள் எல்லாரும் மாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகத்தைக் கழுவிவிட்டு அக்கா படியிறங்கப் போனாள். நான் கையைப் பிடித்தேன்.

“அக்கா, கீழ அத்தனை பேரும் நிக்கிறாங்க. நாளைக்கு எங்கம்மாவும் கேப்பாங்க. கேக்குறவங்களுக்கு நான் என்னன்னு சொல்றது?”

“புருசன் இருக்காரு, நல்லா இருக்காரு,” என்றாள் அக்கா. “நான்தான் வேணாம்னு சொல்லிட்டேன்னு சொல்லு.”